தொண்ணூற்றாறு டிகிரி

கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்துவிட்டது.

"பாத்தீங்களா டீச்சர், நான் பொய்யா சொன்னேன்?" என்றார் தணிகாசலம்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்ட பர்ஹானாவுக்கு அவர் மகன் வயதுதான். வேலூரில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடை அவளுடையது. தணிகாசலத்தின் மகன் யுகேந்திரன் இங்கேதான் ஒவ்வொன்றாக வாங்கிப்போய், வீட்டில் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் கட்டினான். கட்டிய அதே வாரம் பைபாஸில் பைக்கோடு செத்துப்போனான். போஸ்டரில் இறைவனடி சேர்ந்தான் என்று போட்டார்கள். எந்த அடியையும் சேரவில்லை. செத்துப்போனான்.

அதற்கப்புறம் தணிகாசலம் தினமும் கடைக்கு வந்து, இது என்ன, அது என்ன என்று கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். முதலில் கிண்டலாகத்தான் டீச்சர் என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். சாயங்காலமானால் மகன் அறையில் அந்தத் திரை எரிய வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் அவன் உள்ளே இருக்கிற மாதிரி இருக்கும். ஆனால் போட்ட கொஞ்ச நேரத்திலேயே அது அணைந்துவிடுகிறது. அதனால்தான் இன்றைக்குத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்.

பர்ஹானா மறுபடி சுவிட்சைப் போட்டாள். திரை ஓரத்தில் பிராசஸரின் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது.

"எவ்வளவு வரைக்கும் பயமில்ல?"

"சும்மா இருந்தா நாப்பது. நம்ம ஊர் வெயிலுக்கு அம்பதுகூட இருக்கலாம். கேம் ஆடினா எழுபது, எண்பது. அதெல்லாம் தப்பில்ல."

"இது?"

"சும்மா இருக்கறப்பவே தொண்ணூத்தாறு."

"பஸ்ஸா இருந்தா ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தியிருப்பேன்."

"இதுல ஊத்துங்க அங்கிள். எனக்கு இன்னொரு வியாபாரம்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழட்டி வைத்தாள்.

"பிராசஸருக்கு மேல உக்காந்திருக்குல்ல, கூலர். அதோட தகட்டைத் தொடுங்க. விசிறியில விரலை விட்டுடாதீங்க."

தொட்டார்.

"ஜில்லுனு இருக்கே. நல்லதுதானே?"

"சாவுக்கு வந்தவங்க எல்லாம் நீங்க கலங்காம நின்னதப் பாத்து அதைத்தான் சொன்னாங்க."

தணிகாசலம் கையை எடுத்துக்கொண்டார். அதற்குள் திரை மறுபடியும் அணைந்தது.

"சூடு கூலருக்கு வரவே இல்ல அங்கிள். புது கூலருக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். உரிச்சிட்டுத்தான் மாட்டணும். அதோ, ஓரம் வெளிய தெரியுது. யுகேந்திரன் உரிக்கல."

"எங்க வீட்ல உரிக்க மாட்டோம்."

"என்ன?"

"ரிமோட், ஃபிரிட்ஜ், சோபா, எதுக்கும் உரிக்க மாட்டோம். புதுசு புதுசாவே இருக்கணும்னு நான்தான் விட மாட்டேன். டிவி தாளை உரிச்சான்னு சின்ன வயசுல அவனை அறைஞ்சிருக்கேன்."

பர்ஹானா ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தாள்.

"கூலரைத் தூக்கி, தாளை உரிச்சு, சூட்டைக் கடத்தற பேஸ்ட் புதுசா தடவினா போதும். அப்புறம் விடிய விடிய எரியும்."

"அந்த ஸ்க்ரூ எல்லாம் அவன் முறுக்கினது."

"தெரியும். ரொம்ப இறுக்கித்தான் வெச்சிருப்பான். பயந்தாங்கொள்ளி."

"அவன் கை வெச்ச மாதிரியே இருக்கட்டுமே, டீச்சர். இப்படியே விட்டா எவ்வளவு நாள் தாங்கும்?"

"தாங்க முடியலன்னா அது அணைஞ்சுக்கும் அங்கிள். அதுக்கு அந்த வசதி இருக்கு."

அவர் உள்ளங்கையை விரித்து ஸ்க்ரூடிரைவரை வைத்தாள்.

"நாலே ஸ்க்ரூ. நீங்களே கழட்டுங்க."

தணிகாசலம் கழட்டவில்லை.