ஆம் என்றால் ஒன்று

"நான் பேசினதுல என்ன தப்பு மேடம்?" என்று கேட்டார் செலஸ்டின்.

"ஒண்ணும் தப்பில்ல சார்," என்றார் நிலோபர்.

"அப்ப ஏன் என்னைத் தனியா உட்கார விடமாட்டேங்கறீங்க?"

ஓடுபாதைக்கு மேலே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. நிலோபர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலோர ஊர் ஒன்றின் சிறிய விமான நிலையம் அது. கோபுரத்தின் உச்சியில் நாற்புறமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. அங்கே உட்கார்ந்து, வருகிற விமானத்தை வா என்றும், போகிற விமானத்தைப் போ என்றும், இரண்டும் ஒன்றாக வந்தால் ஒன்றைக் கொஞ்சம் பொறு என்றும் சொல்வது கண்ட்ரோலர் வேலை.

செலஸ்டின் விமானப்படையில் பாதி ஆயுள் அந்த வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பின் இங்கே வந்தார். இங்கே அவர் மறுபடி டிரெய்னி, பயிற்சி பெறுகிறவர். அப்படித்தான் விதி.

"நீங்க சிலேட்டு பிடிச்ச காலத்துல நான் மைக் பிடிச்சவன்," என்றார்.

"தெரியும் சார். பிடிச்சதை இன்னும் விடலை."

செலஸ்டின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரத்தோடு பயிற்சிக் காலம் முடிகிறது. பயிற்சி கொடுக்கிற நிலோபர் சரி என்று சொல்லாவிட்டால் அவருக்குத் தரைத்தளத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

"என் குரல் சரியில்லையா?"

"மணி மாதிரி குரல் சார்."

செலஸ்டின் 'ஆனால்' வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

*

பிற்பகலில் தெற்கே மழை கட்டியது. கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டது.

மேலே இரண்டு விமானங்கள் இருந்தன. ஒன்று சென்னையிலிருந்து வரும் பயணிகள் விமானம். மற்றது பறக்கும் பயிற்சிக் கழகத்தின் சின்ன விமானம். அதில் தனியாகப் போயிருந்தவர் ஊர்ப் பல் மருத்துவர் திருமேனி. ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். போன மாதம்தான் செலஸ்டினின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்.

"டவர், எனக்குக் கீழே..." என்றது டாக்டரின் குரல். பிறகு கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

செலஸ்டின் கூப்பிட்டார். பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். எந்தத் திசை என்று கேட்டார். திரும்பி வரச் சொன்னார். மழைக்குள் போகாதீர்கள் என்றார். மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. மணி மாதிரிதான் ஒலித்தது.

மைக்கின் பொத்தானை அழுத்தினால் குரல் போகும். விட்டால் குரல் வரும். இரண்டும் ஒருசேர நடக்காது. இது தெரியாத கண்ட்ரோலர் கிடையாது. செலஸ்டினுக்கும் தெரியும்.

நிலோபர் கை நீட்டினால் மைக் நிலோபருடையது. ஆசிரியருக்கு அந்த உரிமை உண்டு.

அவர் கை நீட்டினார். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது.

"குடிங்க சார்."

"இப்பவா?"

"குடிங்க."

"மேலே ஒரு மனுஷன்..."

"குடிங்க சார்."

செலஸ்டின் முறைத்தார். ஆனாலும் படையில் வளர்ந்த உடம்பு, சொன்னால் கேட்டுவிடும். பொத்தானை விட்டார். அண்ணாந்து குடித்தார்.

வாய் நிறையத் தண்ணீர் இருந்தபோது காதில் ஏதோ மாறியது.

குரல் இல்லை. வெறும் இரைச்சல்தான். ஆனால் அது நின்றது. பிறகு வந்தது. மறுபடி நின்றது. யாரோ எங்கேயோ ஒரு பொத்தானை அழுத்துகிறார், விடுகிறார், அழுத்துகிறார்.

செலஸ்டின் விழுங்க மறந்தார்.

*

"டாக்டர்," என்றார். விதிப்படி ஆங்கிலத்தில் பேச வேண்டும். அவர் தமிழில் பேசினார். "உங்க மைக் போச்சு. உங்க பொத்தான் போகலை. எங்க வாயில கையை விட்டுட்டு 'வலிக்குதா'ன்னு கேப்பீங்கல்ல, நாங்க 'ம்'முனு சொல்வோம்ல, அதே மாதிரிதான். ஆம்னா ஒரு தடவை அழுத்துங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. புரிஞ்சுதா?"

பொத்தானை விட்டார்.

ஒன்று.

குறுக்கே சென்னை விமானத்தின் கேப்டன் வந்தார். "டவர், நானும் கூப்பிட்டுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம் கேப்டன். நீங்க வடக்கேயே உயரத்துல சுத்திக்கிட்டு இருங்க. கொஞ்ச நேரம் யாரும் பேச வேண்டாம்."

அலைவரிசை காலியானது.

"கடல் தெரியுதா டாக்டர்?"

ஒன்று.

"உங்க வலப்பக்கமா?"

இரண்டு.

கடல் ஊருக்குக் கிழக்கே. அது இடப்பக்கம் இருக்கிறதென்றால் டாக்டர் தெற்கே போய்க்கொண்டிருக்கிறார்.

"உப்பளம் தாண்டியாச்சா?"

ஒன்று.

"கலங்கரை விளக்கம்?"

இரைச்சல் இல்லை. அமைதி. செலஸ்டினின் விரல் பொத்தானின் மேல் துடித்தது. அழுத்தவில்லை.

நிலோபர் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று.

"அப்படின்னா எங்களைத் தாண்டிப் போயிட்டீங்க. முன்னாடி இருக்கறது மழை. இடது பக்கமா, கடல் மேலே வந்து, மெதுவா முழுசாத் திரும்புங்க. கடல் வலப்பக்கம் வந்ததும் சொல்லுங்க."

இப்போது வந்தது ஒன்றுமல்ல, இரண்டுமல்ல. நீளமான இரைச்சல், விடாமல். அதில் கேள்வியா அழுகையா என்று தெரியவில்லை. செலஸ்டின் அது ஓயும்வரை இருந்தார்.

"பயமா இருக்கா டாக்டர்?"

ஒன்று.

"நாற்காலியில் எங்களை உட்கார வைக்கிறப்ப எங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். பயந்துகிட்டே ஓட்டுங்க. இறக்கை மட்டும் சாயாம இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, ஒன்று.

அப்புறம் வெகுநேரம் எதுவும் வரவில்லை. கண்ணாடியில் முதல் தூறல் விழுந்தது. செலஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அத்தனை பெரிய மௌனத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. இதற்குமுன் அதைக் கேட்க அவர் இடம் கொடுத்ததில்லை.

ஒன்று.

"கடல் வலப்பக்கம்?"

ஒன்று.

"ஓடுபாதை தெரியுதா?"

ஒன்று, உடனே, அவசரமாக.

"காற்று எதிர்க்காற்றுதான். பாதை முழுக்க உங்களுக்குத்தான் டாக்டர். இறங்குங்க."

தெற்கே சாம்பலிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி பிரிந்து வந்தது. தரையைத் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது, பிறகு தரையிலேயே ஓடியது.

காதில் எண்ணிக்கையே இல்லாமல் இரைச்சல் வரிசையாக வந்தது. ஆம் என்பதுமில்லை, இல்லை என்பதுமில்லை. டாக்டர் சும்மா அழுத்திக்கொண்டே இருந்தார்.

செலஸ்டின் அதை முடியும்வரை கேட்டார்.

*

தொலைபேசி அடித்தது. நிலோபர் எடுத்தார். கீழேயிருந்து நிலைய இயக்குநர். சத்தமாகப் பேசுகிறவர். செலஸ்டினுக்கே கேட்டது.

"மைக்ல யாரும்மா இருந்தது? நீயா, அந்த டிரெய்னியா? டிரெய்னி கையில விட்டிருந்தியானா நான் மேலே பதில் சொல்லணும்."

சென்னை விமானத்தின் கேப்டன் இறங்க அனுமதி கேட்கத் தொடங்கியிருந்தார். நிதானமாகப் பேசுகிற மனிதர், வாக்கியத்தை மெல்ல மெல்ல முடிப்பவர். செலஸ்டின் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, தலையைச் சற்றே சாய்த்து, அவர் முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

நிலோபர் அவரைப் பார்த்தார்.

"இங்க டிரெய்னி யாரும் இல்லை சார்," என்றார் தொலைபேசியில்.