சட்டாம்பிள்ளை சொன்ன மூணு சட்டம்

ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல வேம்புன்னு ஒரு பொண்ணு இருந்தாளாம். ஆடு மேய்க்கிற வீட்டுப் பொண்ணு. அங்க எட்டாவதோட படிப்பு முடிஞ்சுபோச்சு, மேல படிக்கணும்னா ஆத்தைத் தாண்டி ராசா கட்டின பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகணும். ஒம்பதாவது சேர்ற பிள்ளைங்க வருசக் கடைசியில ராசா முன்னால நின்னு, கத்துக்கிட்டதுல ஒண்ணைச் சொல்லணும். சொல்லலேன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வேம்பு போய்ச் சேந்தா, வாசல்ல மந்திரி மகன் மகுடபதி நிக்கிறான். பள்ளிக்கூடத்துக்கே அவன்தான் சட்டாம்பிள்ளை.

"புதுசா? முன்னால உக்காரக்கூடாது. கை தூக்கிக் கேள்வி கேக்கக்கூடாது. மைதானத்துல வெளையாடக்கூடாது. இதான் சட்டம்"னான்.

ஏன் சொன்னான்? புதுசா வந்தது ஒண்ணு மேல வந்துட்டா தன் பதவி போயிடுமேன்னுதான். போன வருசத்துப் பிள்ளைங்க இதை நம்பி வாயே தொறக்காம இருந்து, ராசா முன்னால முழிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுச்சுங்க.

வேம்பும் நம்பினா. அப்புறம் அவன்கிட்டயே போய், "அண்ணே, பின்னால இருந்தா பலகை தெரியல"ன்னா. "தூங்கு"ன்னான். மறுநாள், "அண்ணே, தண்ணியில விட்ட துடுப்பு ஏன் வளைஞ்சு தெரியுதுன்னு சந்தேகம்"னா. "முழுங்கு"ன்னான். அடுத்த நாள், "அண்ணே, வெளையாடாம தனியா இருக்க முடியல"ன்னா. "அழு"ன்னான்.

தூங்கிப் பாத்தா, வரல. முழுங்கிப் பாத்தா, எறங்கல. அழுகை மட்டும் நல்லா வந்துச்சு. சிரிக்காதடி, கேளு.

வாத்தியாரம்மா பாத்துட்டு, "ஏன்டி அழுற?"ன்னாங்க.

"சட்டாம்பிள்ளை அண்ணன்தான் அழச் சொன்னாரும்மா."

எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்படி ஒரு சட்டமும் இங்க கெடையாது"ன்னு சொல்லி, மந்திரி மகனாச்சேன்னு நேரா ராசாகிட்டயே போய்ச் சொல்லிட்டாங்க. "வருசக் கடைசி வரட்டும்"னாரு ராசா.

மறுநாள் வேம்பு முன்னால போய் உக்காந்தா. கையத் தூக்கினா, துடுப்பைப் பத்திக் கேட்டா. நாலு பேரு சிரிச்சாங்க. சாயங்காலம் மைதானத்துல எறங்கினா, முட்டி தேய விழுந்தா, எழுந்து ஓடினா. அவளைப் பாத்து இன்னொரு புதுப் பிள்ளை வந்துச்சு, அதைப் பாத்து இன்னொண்ணு வந்துச்சு, அப்புறம் எல்லாமே வந்துடுச்சு. மகுடபதிக்கு வாசல்ல நின்னு மொறைக்கிறதே வேலையாப் போச்சு.

வருசக் கடைசியில ராசா வந்தாரு. பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுச்சுங்க. வேம்பு மழை எப்படி வருதுன்னு சொன்னா.

"சரி, கடல் தண்ணி உப்பு, மழைத் தண்ணி மட்டும் ஏன் உப்பு இல்ல?"ன்னாரு ராசா.

"தெரியல ராசா. நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

ராசா சிரிச்சுட்டாரு. அப்புறம் மகுடபதி பக்கம் திரும்பி, "நீ என்னப்பா கத்துக்கிட்ட?"ன்னாரு. அவன் வாயத் தொறந்தான், மூடினான், மறுபடி தொறந்தான். ஒண்ணும் வரல.

"பதவிய எறக்கி வை. ஒம்பதாவதுல போய் உக்காரு"ன்னுட்டாரு.

முட்டி பெஞ்சுல இடிக்க, சின்னப் பிள்ளைங்களோட ஒரு வருசம் பூரா உக்காந்தான்.

அதனால, புது எடத்துக்குப் போனா மொத நாளே கேளுங்க, மொத நாளே சேந்துக்கங்க. என் கதை இம்புட்டுதான், போர்வைய இழுத்துப் போத்திக்கங்க.