ஏசுகிற வீடு

"மூணு கான்ட்ராக்டர் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்கம்மா. யாருக்குக் குடுக்க?"

பிரமநாயகத்தின் குரலில் கேள்வியைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

ஆவுடையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு அவள்தான் தலைமை. பிரமநாயகத்தைவிட மிகவும் இளையவள். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் அவளிடம் சீடராக வந்து சேர்ந்தபோது தெருவே சிரித்தது. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"மூணு பேர்ல ஒருத்தரையுமா பிடிக்கல?"

"பிடிக்கிறதாவது! கான்ட்ராக்டர்ங்கிற பேரைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

பக்கத்தில் அரசு மருத்துவமனை. நோயாளிகளுக்குத் துணையாக வந்து கிடப்பவர்களுக்கு மடத்தில் தினமும் மதியச் சாப்பாடு. உட்கார இடம் கிடையாது. மழை பெய்தால் தட்டில் சோற்றோடு தண்ணீரும் விழும்.

அதற்காகத்தான் போன வருடம் ஒரு கூடம் கட்டத் தொடங்கினார்கள். வந்த கான்ட்ராக்டர் எதைக் கேட்டாலும் தலையாட்டினார். குருபூஜைக்குள் முடியுமா என்றால், "ஜம்முனு முடிச்சிரலாம்" என்றார். சுவர் எழும்பியது. ஆளைக் காணவில்லை. போனை எடுக்கவும் இல்லை.

கூரையில்லாத சுவர்களைப் பார்த்துப் பிரமநாயகம் தினமும் பல்லைக் கடிப்பார்.

"அடுத்த மாசம் குருபூஜை. அன்னைக்குத்தான் கூடத்தைத் திறக்கப்போறோம்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. இந்தத் தடவையும் ஏமாந்தா நான் வெளியில தலைகாட்ட முடியாதும்மா."

"மூணு பேரும் என்ன சொல்லுதாங்க?"

"ரெண்டு பேரு, பூஜைக்கு முந்தின நாளே சாவியக் கையில தாரோம்னு சொல்லுதாங்க. மூணாவது ஒருத்தன், செல்லையான்னு பேரு. முடியவே முடியாதுன்னுட்டான். கான்கிரீட்டைப் போட்டா, அதைத் தாங்கக் கீழ குடுத்த முட்டுக்கம்பைப் பிரிக்க அதுக்குன்னு நாள் இருக்காம். மழைக்காலம் வேறயாம். வேலைக்கு வரும்போதே சாக்கு! அவனைக் கழிச்சு விட்டுருவோம்."

ஆவுடையம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

"மூணு பேர்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க அண்ணாச்சி. உங்களை ஏசுற வீடு எது, அங்க என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு கேளுங்க."

"ஏசுற வீடா? நல்லாக் கட்டின வீட்டைல்லாம்மா பாக்கணும்?"

அவள் கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

*

முதல் கான்ட்ராக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னை ஏசுறவன் இனிமேதான் பொறக்கணும் அண்ணாச்சி."

அவர் கட்டிய வீடுகளின் படங்களைச் செல்போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். எல்லாம் பளபளவென்று இருந்தன. பிரமநாயகத்துக்கு மனசு குளிர்ந்தது.

இரண்டாமவர் முகம் சுளித்தார்.

"ஒரு வீடு இருக்கு. அவன் ஒரு கிறுக்கன். குறை கண்டுபிடிக்கதுதான் அவனுக்கு வேலை. அந்தத் தெருப்பக்கம் நான் போறதே இல்ல."

"கிறுக்கன்கிட்ட எதுக்குப் போகணும்?" என்று பிரமநாயகமும் ஒத்துக்கொண்டார்.

செல்லையா பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறுங்க அண்ணாச்சி."

*

வாசலில் பைக் நின்ற சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துட்டாரா மகராசன்? போன வாரம் வாரேன்னு சொன்ன ஆளு!"

வீட்டுக்காரி ராபியா பீவி. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தவள், பிரமநாயகத்தைப் பார்த்ததும் இன்னும் சூடானாள்.

"இது யாரு, சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தியா?"

"மடத்துல கூடம் கட்டணுமாம், பீவிம்மா. என்னை ஏசுற வீட்டைப் பாக்கணும்னாங்க."

"சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீரு. உள்ள வாரும்!"

உள்ளே போன பிரமநாயகம் திகைத்து நின்றார். முன்னறையின் நட்டநடுவில் ஒரு தூண் நின்றது. சுவரோடு சேராமல், எதற்கும் பொருந்தாமல், தடியாக ஒரு தூண்.

"பாத்தீரா? டிவி பாக்கணும்னா தூணுக்கு இந்தப் பக்கம் நாலு பேரு, அந்தப் பக்கம் நாலு பேரு. வாரவ எல்லாம், இது வீடா மண்டபமான்னு கேக்கா. நான் என்ன பதில் சொல்ல?"

செல்லையா அண்ணாந்து தளத்தைப் பார்த்தார். அதில் ஒரு விரிசல் ஓடி, பூசி மறைத்த தடம் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவினார்.

"ஒவ்வொரு மழைக்கு முன்னாலயும் வந்து தடவிட்டுப் போறான். தடவினா ஒட்டிக்கிடுமா?" என்றாள் ராபியா.

பிரமநாயகத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

"தளம் ஏன்யா விரிஞ்சது?" என்று செல்லையாவை அதட்டினார்.

செல்லையா பதில் சொல்வதற்குள் அவள் சொன்னாள்.

"எம்மவன் துபாய்ல இருந்து லீவுல வந்தான். அவன் நிக்காவைப் புது வீட்டுலதான் வைக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். தேதி வச்சாச்சு, பத்திரிகை குடுத்தாச்சு, தளம் அப்பதான் போட்டிருக்கு. முட்டுக்கம்பைப் பிரிச்சுருன்னேன். பிரிச்சுட்டான். நிக்கா ஜோரா நடந்தது. மவன் ஊருக்குப் போன மறுவாரம் ராத்திரி படார்னு ஒரு சத்தம். தளம் தொங்கிப்போச்சு. தொட்டில்ல எம்மவ பிள்ளை கிடந்திருந்தா என்ன ஆயிருக்கும்? அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் இந்தத் தூணை நட்டான்."

"நீங்கதானம்மா பிரிக்கச் சொன்னீங்க?"

அவ்வளவுதான். அவள் கோபம் பிரமநாயகத்தின் பக்கம் திரும்பியது.

"நான் சொல்லத்தான் செய்வேன்! எனக்கு வீடு கட்டத் தெரியுமா? நான் கல்யாண அவசரத்துல இருந்தேன். அவனுக்குத் தெரியும்ல?"

ஸ்டூலின் மேல் நின்றிருந்த செல்லையாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஏ செல்லையா, நீ ஏன்யா அன்னைக்கு முடியாதுன்னு சொல்லல? முகத்துல அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்லியிருந்தா, நான் உன்னை ஒரு நாள் ஏசியிருப்பேன். இப்ப ஆயுசுக்கும் ஏசிட்டுக் கெடக்கேன்."

"சொல்லியிருக்கணும் பீவிம்மா" என்றார் செல்லையா.

*

பிரமநாயகம் கொதித்துப்போய் மடத்துக்குத் திரும்பினார்.

"எந்த வீட்டுக்கு அனுப்புனீங்கம்மா என்னை? தளம் தொங்கிப்போய் நடுவீட்டுல தூணை நட்டு வச்சிருக்கான். அந்தம்மா கிழிகிழின்னு கிழிக்கா. நடுவுல எனக்கும் விழுந்துச்சு. அவனுக்கா வேலையைக் குடுக்க? முதல்ல வந்தவருக்கே குடுத்துருவோம். அவரை ஏச ஒரு ஆள் கூட இல்லையாம்."

"போன வருசம் வந்தவர்கூட அப்படித்தான் சொன்னாரு" என்றாள் ஆவுடையம்மை.

"அதுக்காக, வீட்டை இடிச்சவன்கிட்டயா போக முடியும்?"

"அந்தம்மா எதுக்கு ஏசினாங்க?"

"தூணுக்குத்தான்."

"தூணுக்கா?"

"தூணுக்குன்னா... தளத்துக்கு. முட்டுக்கம்பை முன்னாலயே பிரிச்சதுக்கு."

"பிரிக்கச் சொன்னது யாரு?"

"அந்தம்மாதான். அதுவும் ஒரு நியாயமாம்மா? இவங்களே தேதியை வச்சுக்கிட்டு, எல்லாருக்கும் சொல்லிட்டு, அவனைப் போட்டு விரட்டிட்டு, கடைசில, நீ ஏன் முடியாதுன்னு சொல்லலன்னு அவனையே..."

வார்த்தை பாதியில் நின்றது.

வெளியே சாப்பாட்டு வரிசை சேரத் தொடங்கியிருந்தது. யாரோ ஒரு அம்மா, கூரையில்லாத சுவரோரம் கிடைத்த கையளவு நிழலில், கைக்குழந்தையைத் துண்டு விரித்துப் படுக்க வைத்தாள். பிரமநாயகம் அந்தக் குழந்தையைப் பார்த்தார். அதற்கு மேலே, தளம் வரவேண்டிய இடத்தில் இருந்த வெறும் வானத்தைப் பார்த்தார்.

"அம்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "முடியாதுன்னு சொன்னவனுக்கே குடுத்துருவோம். ஆனா தேதியை எல்லாருக்கும் சொல்லிட்டேனே."

"குருபூஜைக்கு வாரவங்களைக் குடை கொண்டுட்டு வரச் சொல்லுங்க அண்ணாச்சி."