வேங்கை வாலாட்டிய காரணம்

முன்னொரு காலத்தில், ஏழு மலைக்கு அப்பால், கோதைமாறன் என்றொரு ராஜா இருந்தான். அவனுக்கு வேங்கை என்றொரு நாய். காட்டுப்பன்றி ராஜாவின் வயிற்றைக் கிழிக்க வந்தபோது குறுக்கே பாய்ந்து, அந்தக் குத்தைத் தன் விலாவில் வாங்கிய நாய். அதற்குச் சோறு வைத்து, குளிப்பாட்டி, உண்ணி பொறுக்கியவள் சடைச்சி.

வேங்கைக்குப் பதினைந்து வயதானது. ஒரு நாள் கறியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. குதிரை லாயத்துக்குப் பின்னால் போய்ப் படுத்தது. சடைச்சிக்குப் புரிந்தது. ராஜாவுக்கும் புரிந்தது. "அவன் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?" என்று அழுதான். வேங்கை எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை.

அழுகை கேட்டு மந்திரவாதி உலகண்டான் வந்தான். நாயின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினான். "கயிறு இருக்கும்வரை சாவு வராது, மகாராஜா!"

சாவு வரவில்லை. வலி வந்தது. கயிறு வலியைத் தடுக்காது என்று உலகண்டான் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அவனுக்கு ஒரு மாளிகை கிடைத்தது. அடுத்த வருஷம் வேங்கைக்குக் கண் போனது. இரண்டாவது கயிறு. உலகண்டானுக்குப் பல்லக்கு. அதற்கடுத்த வருஷம் பின்கால்கள் போயின. மூன்றாவது கயிறு. உலகண்டானுக்கு ராஜாவின் பக்கத்தில் ஆசனம்.

தினமும் காலையில் ராஜா வாசலில் நின்று, "டேய் வேங்கை!" என்பான். வால் தரையில் ஒரு தட்டுத் தட்டும். "பார், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான்!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். மீதி நாளெல்லாம் புண்ணைக் கழுவியவள், ஈ ஓட்டியவள், புரட்டிப் படுக்கவைத்தவள் சடைச்சி.

ஒரு நாள் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுக்கப் பார்த்தாள். அரிவாள்தான் மழுங்கியது. உலகண்டான் பல்லக்கிலிருந்து எட்டிப்பார்த்துச் சிரித்தான். "யாருக்காகக் கட்டினேனோ, அவர் கைதான் அவிழ்க்கும். போ, போய்க் கேட்டுப் பார்!"

போனாள். சீழ் துடைத்த துணியோடு நேரே சபைக்குள் நுழைந்தாள்.

"ராஜா, கயிற்றை அவிழ்த்துவிடுங்க."

"என்ன திமிர் உனக்கு! அவனைக் கொல்லச் சொல்கிறாயா? தினமும் வாலாட்டுகிறானே!"

"சந்தோஷத்துக்கா ஆட்டுறான்? நீங்க கூப்பிடுறீங்க, அதுக்கு ஆட்டுறான். செத்துக்கிட்டே மரியாதை குடுக்குறான். நீங்க அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"இந்தப் பொம்பளையை வெளியே தள்ளுங்கள்!" என்று கத்தினான் உலகண்டான்.

"தள்ளட்டும். ஒரே ஒரு நாள், பொழுது விடிஞ்சு சாயுற வரைக்கும் அவன் பக்கத்துல உக்காருங்க ராஜா. அப்புறம் என் தலையை வேணும்னாலும் எடுங்க."

சபை முழுக்க ராஜாவையே பார்த்தது. மறுநாள் விடிந்ததும் ராஜா வந்து உட்கார்ந்தான்.

அவன் வாசம் பட்டதும் வேங்கை எழுந்து நிற்கப் பார்த்தது. விழுந்தது. மறுபடி எழப் பார்த்தது. விழுந்தது. மூன்றாம் முறையும் விழுந்தது. மதியம் சடைச்சி அதைப் புரட்டியபோது, தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ராஜா முகத்தைத் திருப்பினான்.

"பாருங்க," என்றாள் சடைச்சி. "நான் மூணு வருஷமா பாக்குறேன்."

சாயங்காலம் உலகண்டான் நான்காவது கயிற்றோடு வந்தான். அதன் வாசம் பட்டதுமே வேங்கை முனகி, நகர முடியாமல் நகர்ந்து, ராஜாவின் மடிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

"போதும்," என்றான் ராஜா.

முதல் கயிற்றை அவிழ்த்தான், வலி போனது. இரண்டாவதை அவிழ்த்தான், கண் திறந்தது. வேங்கை அவனைப் பார்த்தது, நன்றாகப் பார்த்தது. மூன்றாவதை அவிழ்த்தான். வேங்கை ஒரு நீண்ட மூச்சு விட்டது. அடுத்த மூச்சு வரவில்லை.

மந்திரம் உடைந்தது. "வாய்யா, உன் கழுத்துல நாலையும் கட்டிவிடுறேன்!" என்று சடைச்சி எழுந்தாள். உலகண்டான் மலை தாண்டி ஓடியே போனான்.

"என்னை மன்னிப்பாயா சடைச்சி?" என்றான் ராஜா.

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

"சரி, ஒரு வரமாவது கேள்."

கேட்டாள். அந்த நாட்டில் ஒரு பிராணியின் கடைசி நாளை, அதன் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தவர்தான் முடிவு செய்யலாம். அதற்கு வலியும் கூடாது, பயமும் கூடாது. சட்டமானது. அதைக் காக்கும் மந்திரியும் சடைச்சிதான்.

மறு வருஷம் பட்டத்து யானை எழ முடியாமல் படுத்தது. ராஜா விடியும் முன்பே தனியாக வந்து, அதன் தும்பிக்கை அருகே வெறுந்தரையில் உட்கார்ந்தான். சேவகர்கள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சடைச்சி கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம். அப்படியே உக்காரட்டும்."