விதைவயல் விளக்கு

மலையடிவார மடத்தின் விதைவயல் ஐப்பசி முடிந்தும் பூக்கவில்லை. அந்தப் பழைய சம்பா சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை. வருஷத்துக்கு ஒரு போகம்தான். விதை தவறினால் தவறியதுதான்.

"உங்க நெல்லும் சந்நியாசம் வாங்கிக்கிச்சா சாமி?" வரப்பில் புல்லறுத்த செங்கமலம் சிரித்தாள்.

மடத்துத் துறவி திருமேனிக்குச் சிரிப்பு வரவில்லை. வயல் அவர் பொறுப்பு.

குரு சிவகாமி அம்மை அவரைவிட ஒன்பது வயது இளையவர். நாற்பது நாளாகப் படுக்கை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். அம்மையிடம் போய் இதைச் சொல்வதா என்று தயங்கித் தயங்கித்தான் திருமேனி சொன்னார்.

"தண்ணிக்குக் குறையில்லை. எருவும் போட்டேன். என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலம்மா."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மை வயலைச் சுற்றி வந்தார். நடு வரப்பில் பெரிய குருவின் சமாதி. அதன் முன்னால் கம்பம் நட்டு ஒரு பெரிய பல்பு. எங்கும் கதிரில்லாத பச்சைப் பயிர். சமாதிக்குப் பின்புறம் மட்டும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, கதிர் வந்து பூத்திருந்தது.

"இங்க பல்பு வெளிச்சம் விழாதோ?"

"சமாதி மறைச்சிடும்மா."

"ராத்திரி பூரா எரியுதா?"

"விடியற வரைக்கும். ஒரு மண்டலம் வேண்டுதல். இன்னும் எட்டு நாள்தான்."

அம்மை ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்தார்.

"பகல் குறைஞ்சு ராத்திரி நீண்டாத்தான் இது பூக்கும். நீங்க ராத்திரியையே இதுக்குக் காட்டலை."

"எட்டு நாள் கழிச்சு அணைச்சா ஆகாதா?"

"கதிர் வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள மார்கழிக் குளிர் இறுகிடும். குளிர்ல பூத்தா பதர்தான். இன்னிக்கே அணைச்சா கொஞ்சமாவது தேறும்."

திருமேனி பல்பை நிமிர்ந்து பார்த்தார்.

"அது உங்களுக்காக ஏத்தினதும்மா. நீங்க பிழைச்சு எழணும்னு. பாதியில எப்படி…"

அம்மைக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"வர்ற ஆடியில இங்க யார் விதைப்பா, திருமேனி?"

நீங்கள் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. நான் என்று சொல்ல மனம் வரவில்லை.

"அப்ப உங்களுக்கு விதை வேணுமில்லையா?" என்றார் அம்மை.