கேட் வீட்டு விளக்கு

பொம்மை ரயில் ஊர்கள் செய்வதில் ஜெபகனி டீச்சரை அடித்துக்கொள்ள பாளையங்கோட்டைப் பக்கம் ஆள் கிடையாது. அவரிடம் தொழில் பழக வந்த உச்சிமாகாளி அவரைவிட வயதில் மூத்தவர். தீப்பெட்டி அளவு வீடுகளுக்குள் அரிசி பருமனில் பல்பு பொருத்தி, மேசைக்கு அடியில் ஒயர் இழுப்பது அவர் வேலை.

அன்று காலை வந்ததும் சுவிட்சைப் போட்டார். ஸ்டேஷன் எரிந்தது. அதிகாரி பங்களா ஜன்னல் ஜன்னலாக ஜொலித்தது. லெவல் கிராசிங் ஓரத்துக் கேட்கீப்பர் வீடு மட்டும் இருண்டு கிடந்தது. தூக்கிப் பார்த்தார். நேற்று அவர் வைத்த பல்பை யாரோ பிடுங்கியிருந்தார்கள்.

அவருக்கு ரத்தம் கொதித்தது. வேறு எந்த வீட்டில் கை வைத்திருந்தாலும் பொறுத்திருப்பார். இது அவர் பிறந்து வளர்ந்த வீடு.

"யாரு பிடுங்குனது?"

"நான்தான்" என்றார் டீச்சர், கையிலிருந்த வேலையை விடாமல்.

"பங்களாவுக்கு அறைக்கு அறை விளக்கு வேணும், கேட் வீட்டுக்கு ஒண்ணு ஆகாது, அப்படித்தானே? நெசத்துலதான் இருட்டுல கெடந்தோம். பொம்மையிலயுமா?"

"நெசத்துல ஏன் இருட்டு, அண்ணாச்சி?"

"எங்க வீட்டுல இருந்ததே ஒத்தக் கைவிளக்கு. ரயில் வருதுன்னா பச்சை காட்ட அப்பா அதைத் தூக்கிட்டுப் போயிருவாரு. நாங்க பாதிச் சோத்துல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். ஒரு நாளாவது வீட்டுல வச்சிட்டுப் போனாரா அந்த மனுசன்? இங்கயாவது எரியட்டும்னு வச்சேன். அதையும் பிடுங்கிட்டீங்க. நல்லா இருங்க!"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டீச்சர் தடுக்கவில்லை. ரயிலை ஓடவிட்டார்.

சத்தம் கேட்டு, வாசல் வரை போனவர் திரும்பினார். மலையைச் சுற்றிக்கொண்டு ரயில் லெவல் கிராசிங்கை நோக்கி வந்தது. கேட்டருகே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், விரல் நுனி உயரம், கையைத் தூக்கியபடி நின்றார். உச்சிமாகாளியே செய்து நிறுத்திய அப்பா.

அந்தப் பொம்மைக்கு முன்னால் வந்ததும் டீச்சர் ரயிலை நிறுத்தினார். பிடுங்கிய பல்பை எடுத்து உச்சிமாகாளியின் உள்ளங்கையில் வைத்தார். அதற்குப் பச்சை பூசியிருந்தது.

"ரயில் வந்தாச்சு, அண்ணாச்சி. உங்க அப்பா வெறுங்கையோட நிக்காரு."