ஒரு பணமும் இரண்டு இலையும்

"இந்த நாட்டில் அரிசி மலிவு, ஓய்."

"மலிவாக இருந்தால் ஜனங்கள் ஏன் ஐயா ஓடம் ஏறிப் போகிறார்கள்?"

"கொழுப்பு. வேறென்ன? ஒரு பணத்துக்கு எட்டுப் படி அரிசி..."

"எட்டுப் படி கிடைக்கிற ஊரை விட்டுவிட்டு..."

"நான் பேசி முடிக்கட்டுமா?"

"முடியுங்கள். எட்டுப் படியையும் அளந்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்."

இது நடந்தது முன்னொரு காலத்தில். எந்த ராஜ்யம் என்று கேட்டுவிடாதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். ஓர் ஆறு. இந்தக் கரை ஒரு ராஜ்யம், அந்தக் கரை இன்னொரு ராஜ்யம். இந்தக் கரை ராஜாவின் சபையில்தான் இரண்டு பேர் இப்படி ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் படி என்றவர் பிரதானி வீரராகவர். அவரை மறித்தவர் சபையின் விகடகவி தாண்டவராயர். இவர் வாயைத் திறந்தாலே ராஜா சிரித்துவிடுகிறார் என்று பிரதானிக்கு வெகு நாளாக வயிற்றெரிச்சல்.

விஷயம் இதுதான். அந்த வருஷம் நெசவுத் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பம் குடும்பமாக அக்கரைக்குப் போய்விட்டார்கள். ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. "எந்த நாட்டில் வாழ்வது சுகம்? விசாரித்துச் சொல்லுங்கள்" என்றார். பிரதானி உடனே இரண்டு சேவகர்களை இரண்டு கரைக்கும் அனுப்பி விலை கேட்டுவரச் சொன்னார். ஒரு பணத்துக்கு இங்கே எட்டுப் படி, அங்கே ஆறு. உப்பு, புளி, மிளகாய் எல்லாம் அதே கதை.

"ஆகையால் பிரபு, போனவர்கள் நன்றி கெட்டவர்கள்" என்றார் பிரதானி. "பூட்டிய வீடுகளை அரண்மனை எடுத்துக்கொள்ளட்டும். ஓடத்தை இன்றோடு நிறுத்திவிடலாம். போனவர்கள் போனவர்களாகவே இருக்கட்டும்."

"மகன் அக்கரையிலும் தாய் இக்கரையிலுமாக எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பிரபு" என்றார் தாண்டவராயர். "ஓடம் நின்றால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது எப்படி?"

"அப்படியானால் பிரதானி சொன்னது தவறு என்று நிரூபியும்" என்றார் ராஜா. "வார்த்தையால் வேண்டாம், வார்த்தையில் நீர் பகலையும் இரவாக்கிவிடுவீர். இந்தாரும், இரண்டு பணம். இரண்டு நாட்டிலும் ஒவ்வொரு பணத்துக்கு அரிசி காய்கறி வாங்கிச் சமைத்து, இரண்டு இலையில் போட்டு என் முன்னால் வையும். நான் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்."

பிரதானி விடுவாரா? "இலையில் நம் நாடு ஜெயித்தால், கடைசி ஓடத்தில் இவரையும் ஏற்றி அனுப்பிவிட உத்தரவாக வேண்டும்."

ராஜா இரண்டு பேர் மேலும் கோபமாக இருந்தார். "ஆகட்டும்" என்றுவிட்டார்.

தாண்டவராயர் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மனைவி உண்ணாமுலை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, சபையில் யாரும் சிரிக்கவில்லையா?"

"நாம் ஊரை விட்டுப் போகப்போகிறோம், உண்ணாமுலை." நடந்ததை எல்லாம் சொன்னார். "அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. எட்டுப் படிதான். நானே வாங்கியிருக்கிறேன்."

"நீங்கள் வாங்கினால் எட்டுப் படி."

"நீ வாங்கினால்?"

"நாலு."

தாண்டவராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லி என்ன ஆகப்போகிறது? கத்திரிக்காய் வாங்கக்கூட உங்களை அனுப்புகிறேனே, எதற்கென்று நினைத்தீர்கள்? உங்களுக்குக் காய் பொறுக்கத் தெரியும் என்றா? பாதி பூச்சிக்காயாகத்தான் கொண்டுவருகிறீர்கள். தலையில் அந்தச் சிவப்புத் தலைப்பாகை இருக்கிறதே, அதற்காகத்தான்."

அரண்மனைச் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாரும் சிவப்புத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அதைக் கண்டால் கடைக்காரன் பாதி விலை சொல்லுவான். அப்படி ஒரு சட்டம் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது. எதற்கு வம்பு என்று அவனாகவே சொல்லுவான். அப்பன் சொன்னான், மகனும் சொன்னான்.

"பாதி விலைக்கு விற்றவன் நஷ்டத்தை வீட்டுக்கா தூக்கிக்கொண்டு போவான்?" என்றாள் உண்ணாமுலை. "அடுத்து நிற்கிறவள் தலையில் கட்டுவான். அடுத்து நிற்கிறது நான். நெசவுத் தெருப் பெண்கள்."

தாண்டவராயர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "ஆக, பத்து வருஷமாக நான் தின்றதெல்லாம் உன் பங்கா?"

"என் பங்கு மட்டுமா? உளுந்து சிதறுகிறது, காலை மடக்குங்கள்."

மறுநாள் காலையில் தாண்டவராயர் ஓடம் ஏறி அக்கரைக்குப் போனார். ஒரு கடையில் தலைப்பாகையோடு விலை கேட்டார். ஆறு படி. கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். "இப்போதுதானே சொன்னேன்? ஆறு படி" என்று எரிந்து விழுந்தான் கடைக்காரன். பக்கத்தில் நூல் வாங்க வந்திருந்த மாசிலாமணி, நெசவுத் தெருவிலிருந்து போனவன், அவரை அடையாளம் கண்டு கும்பிட்டான்.

"இங்கே சௌக்கியமா, மாசிலாமணி?"

"வீட்டு வாடகை அதிகம், ஐயா. தண்ணீர் உப்பு. நம் ஊர்த் தண்ணீருக்கு நாக்கு ஏங்குகிறது. ஆனால் கடையில் எனக்கு முன்னால் யார் நின்றார் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். காலையில் கேட்ட விலைதான் சாயங்காலமும்."

மூன்றாம் நாள் சபை கூடியது. ராஜாவுக்கு முன்னால் இரண்டு இலை. ஒன்றில் சோறு மலை மாதிரி, பக்கத்தில் குழம்பு, இரண்டு கறி, அப்பளம், நெய், பாயசம். மற்றதில் கொஞ்சம் சோறு, அடி தெரிகிற ரசம், ஒரு துண்டு ஊறுகாய்.

"இந்த நிறைந்த இலை?" என்றார் ராஜா.

"தங்கள் நாட்டில் வாங்கியது, பிரபு."

"ஓடக்காரனைக் கூப்பிடட்டுமா?" என்று பிரதானி எழுந்தேவிட்டார்.

ராஜா மெலிந்த இலையைப் பார்த்தார். நல்ல மனுஷன், முகம் வாடிவிட்டது. "ஐயோ பாவம். அக்கரையில் இதையா தின்கிறார்கள்?"

"அதுவும் இக்கரையில் வாங்கியதுதான், பிரபு."

"இரண்டு நாட்டில் வாங்கச் சொன்னேனே?"

"இரண்டு நாட்டில்தான் வாங்கினேன். இரண்டுக்கும் தாங்கள்தான் ராஜா. ஒரே தெரு, ஒரே கடை, ஒரே பணம். முதல் நாட்டுக்கு நான் தலைப்பாகையோடு போனேன். இரண்டாவது நாட்டில் என் சம்சாரம் குடியிருக்கிறாள், அங்கே அவள் போனாள். எந்த இரண்டு நாடு என்று உத்தரவில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தூரம் அதிகமாகத் தெரிந்தது."

சபையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜா மெதுவாகத் திரும்பினார். "வீரராகவரே, விலை கேட்கப் போன சேவகர்கள் தலையில் என்ன இருந்தது?"

"அது... வழக்கம்போல, பிரபு."

"வழக்கம்போல என்றால்?"

"சிவப்பு."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மீசைக்குள் சிரித்தார், அப்புறம் சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாட்டை விசாரிக்கச் சொன்னால் தலைப்பாகையை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறீரே, ஐயா."

தாண்டவராயர் மூன்றாவது இலை ஒன்றை விரித்தார். "இது அக்கரையில் என் சொந்தப் பணத்தில் வாங்கியது. நிறைந்த இலையைவிடக் குறைவு, மெலிந்த இலையைவிட அதிகம். அங்கே யார் போனாலும் இதே இலை. தண்ணீர் மட்டும் உப்பாம். நம் தண்ணீரை நினைத்து ஏங்குகிறார்கள். திரும்பி வர மனசு இருக்கிறது, பிரபு."

ராஜா சிரிப்பை நிறுத்தினார். "ஓடம் ஓடட்டும். பூட்டிய வீடுகளை ஒருவரும் தொடக் கூடாது, வரும்வரை அவர்கள் வீடுதான். இந்தப் பொற்கிழி உமது சம்சாரத்துக்கு. உமக்கு என்ன வேண்டும், தாண்டவராயரே?"

"நான் பத்து வருஷம் பாதி விலையில் தின்று வளர்த்த வயிறு இது. எனக்கு ஒன்றும் வேண்டாம். நாளைக் காலையில் தாங்கள் நாலு முழ வேட்டியோடு, வெறும் தலையோடு என்னுடன் கடைத்தெருவுக்கு ஒரு நடை வர வேண்டும்."

"இவ்வளவுதானா?" என்றார் ராஜா.

மறுநாள் காலையில் போனார்கள். தாண்டவராயர் நாலடி பின்னாலேயே நின்றுகொண்டார். முருங்கைக்காய் விற்கிற அம்மாளிடம் ராஜா தாமே குனிந்து விலை கேட்டார். ஒரு காசுக்கு இரண்டு என்றாள்.

"இரண்டா? நாலு என்று அல்லவா கேள்விப்பட்டேன்?"

அவள் காய்க்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஐயா இந்த நாட்டுக்குப் புதுசா?"